பலகையைத் துடைத்தவர்

சங்ககிரிக்குப் பக்கத்தில் உள்ள எங்கள் மானாவாரிக் காட்டுக்கு அந்த வேளாண்மை அலுவலர் எப்போது வந்தாலும், முதலில் கைக்குட்டையை எடுத்து, 'பருவநிலையைத் தாங்கும் மாதிரி வயல்' என்ற அரசுப் பலகையைத் துடைப்பார். ஒல்லியான ஆள், வெயிலில் கழுத்து கறுத்திருக்கும். கடைசியாக வந்தபோது, அவர் கொடுத்த விதையில் முளைத்த கேழ்வரகு முழுக்கக் கருகிக் கிடந்தது. அப்போதும் துடைத்தார்.

"வறட்சியத் தாங்கும்னு சொன்னீங்களேங்க?" என்றேன்.

"எங்களுக்கும் அப்படித்தானுங்க சொன்னாங்க."

"அப்ப அடுத்த வருசம்?"

"இதே வெதைதானுங்க வரும். நானேதான் கொண்டாந்து குடுப்பனுங்க." குரலைத் தாழ்த்தினார். "வாங்கிக்குங்க. ஆனா வெதைக்க வேண்டாங்க."

பிறகு பலகையில் விட்டுப்போன ஒரு மூலையைக் கவனமாகத் துடைத்துவிட்டு வண்டியைக் கிளப்பினார். யாருக்காகத் துடைத்தாரோ, தெரியவில்லை. காடு முழுக்கத் தேடினாலும் பளிச்சென்று இருந்தது அந்தப் பலகை மட்டும்தான்.