ஆற்று மணலில் போட்ட கூடாரம்

என் மனைவி துபாய்க்கு வந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை; பொங்கலுக்கு ஊருக்குப் போகிறேன், அப்புறம் வர மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். கோபமாகச் சொல்லியிருந்தால் பயந்திருக்க மாட்டேன். அரிசி களைந்துகொண்டே சொன்னாள். தென்காசிக்காரி. சாரலில் நனைந்து வளர்ந்தவளை, ஜன்னலைத் திறந்தால் மணலும் கிரேனும் மட்டுமே தெரிகிற வீட்டில் கொண்டுவந்து வைத்தால் வேறு என்ன சொல்வாள்? எழுபதுகளில் துபாயே அப்படித்தான் இருந்தது. இந்த நாட்டிலும் பார்க்க ஏதோ இருக்கிறது என்று நான் நிரூபித்தாக வேண்டும். இல்லையென்றால் மறுபடியும் பேச்சிலர் ரூம், மறுபடியும் நாலு பேர் முறை வைத்துக் கெடுக்கிற சாம்பார்.

எங்கள் ஆபீஸில் ஓர் ஆங்கிலேய எஞ்சினியர் வெள்ளிக்கிழமைதோறும் கூடாரத்தோடு மலைக்குப் போய்விடுவார். அவரைக் கேட்டேன். புஜைரா போகும் வழியில் ஓர் இடம் சொன்னார்: வறண்ட ஆறு, பேரீச்சை மரங்கள், வற்றாத ஒரு சிறு குட்டை. கூடாரத்தையும் கடன் கொடுத்தார். கரைக்கு மேலே, சரளைக்கல் மேட்டில்தான் அடிக்க வேண்டும் என்றும் சொன்னார். நன்றி சொல்லி வாங்கிக்கொண்டேன். ஆற்று மணலின் அருமை பாவம் அவருக்கு எங்கே தெரியும் என்று நினைத்துக்கொண்டேன்.

நண்பர் ஒருவரிடம் பழைய லேண்ட்ரோவர் இருந்தது. தூத்துக்குடிக்காரர், துறைமுக வொர்க்‌ஷாப்பில் வேலை. புளியோதரை, அப்பளம், டிரான்சிஸ்டர் சகிதம் மூவரும் கிளம்பினோம். புல் பூண்டு இல்லாத மலைகளுக்குள் முதுகெலும்பு கழன்றுவிடும்படி குலுங்கிப் போய் ஒரு வளைவில் திரும்பினால், எஞ்சினியர் சொன்னதெல்லாம் அப்படியே இருந்தது. மனைவி செருப்பைக் கழற்றிவிட்டு மணலில் நடந்தாள். பாதி ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

கூடாரத்தை மேட்டில் அடிக்கத்தானே சொன்னார்கள் என்று நண்பர் கேட்டார். நான் ஒரு பிரசங்கமே செய்தேன். நான் மதுரைக்காரன். வைகை மணலில் உட்கார்ந்துதான் பரீட்சைக்குப் படித்தேன், பொரி தின்றேன், உலகத்தைத் திருத்தினேன். எங்கள் ஆற்றில் தண்ணீர் வர வேண்டுமென்றால் அரசாங்கம் உத்தரவு போட்டு அணையைத் திறக்க வேண்டும். முதல் நாளே பேப்பரில் வந்துவிடும். இங்கே அணையும் இல்லை, உத்தரவு போட ஆளும் இல்லை. வறண்ட ஆற்றைவிடப் பத்திரமான இடம் உலகத்தில் உண்டா? நண்பருக்கும் அது நியாயமாகப் பட்டது. "கடலுன்னா யோசிக்கணும் அண்ணாச்சி, ஆத்துக்குப் போயா?" என்று முளையை அடித்தார்.

சாப்பிட்டுவிட்டுக் கூடார வாசலில் மல்லாந்திருந்தேன். மனைவி குட்டையில் தட்டு கழுவிக்கொண்டிருந்தாள்.

"ஏங்க, தண்ணி செவக்குது. சருகு வருது, பாருங்க."

படுத்தபடியே வானத்தைக் காட்டினேன். பொட்டு மேகம் இல்லை.

"இங்க இல்லன்னா என்ன? மலைக்குப் பின்னால பெஞ்சிருக்கும். அருவியில இப்படித்தான் மொதல்ல சருகு வரும். எந்திரிங்க."

நான் வைகையைப் பற்றி மறுபடியும் ஆரம்பித்தேன். அவள் கேட்க நிற்கவில்லை. நண்பரை அதட்டி வண்டியை மேட்டுக்கு ஏற்றச் சொன்னாள். அவரும் மறுபேச்சில்லாமல் ஏற்றினார். அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. நூறு லாரிகள் ஒரே நேரத்தில் ஜல்லி கொட்டுவதுபோல. எனக்கு உடனே தோன்றியது உயிரைப் பற்றி அல்ல, கடன் வாங்கிய கூடாரத்தைப் பற்றி. முளையைப் பிடுங்க உட்கார்ந்தேன். அவள் திரும்பி ஓடி வந்து, என் சட்டைக் காலரைப் பிடித்து, கன்றுக்குட்டியைப்போலக் கரைக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

வந்தது தண்ணீர் மாதிரியே இல்லை. சேறும் பாறையும் ஒரு முழுப் பேரீச்சை மரமும் புரண்டு வந்தன. நான் மல்லாந்திருந்த இடம் கண்ணெதிரே இல்லாமல் போனது. கூடாரம் மட்டும் கொஞ்ச தூரம் நின்ற கோலத்திலேயே போயிற்று, உள்ளே டிரான்சிஸ்டர் பாடிக்கொண்டிருக்க. மேலே வெயில் அடித்துக்கொண்டிருந்தது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. நண்பர் மாதாவைக் கூப்பிட்டபடியே இருந்தார். நான் சரளைக்கல்லில் உட்கார்ந்தேன்.

நாளைக்கே டிக்கெட் போடச் சொல்வாள், பொங்கல் வரைக்கும்கூடப் பொறுக்க மாட்டாள் என்று காத்திருந்தேன். அவள் சேலை முந்தானையைப் பிழிந்தாள். வெள்ளத்தைப் பார்த்தாள். பிறகு என்னை வெகுநேரம் பார்த்தாள்.

"பொங்கலுக்கு நான் போகல."

ஏன் என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"உங்களத் தனியா விட்டுட்டுப் போனா, அடுத்த வெள்ளிக்கிழம எங்க போய்ப் படுப்பீங்கன்னு யாருக்குத் தெரியும்?"

"மைனி சொல்லுறது சரிதான்" என்றார், முளை அடித்த அந்த மனிதர்.