ஆற்றுக்கு அடித்த மொட்டை

எங்கள் நைனாவுக்குச் சொந்தமாகத் தண்ணீர் கிடைத்துச் சில போகம் விளைவதற்குள் ஆற்றை விலை பேசிவிட்டார்கள். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதை என்று இதைக் கேட்டவர்கள் சொல்வார்கள். எங்கள் தாழி தானாக உடையவில்லை. உடைத்தவர்களின் முகம் எனக்குத் தெரியும்.

திருப்பதியில் நான் பாடம் நடத்தும் பள்ளிக்கூடத்தில் ஜூன் மாதம் வந்தால் மரக்கன்று நடுவார்கள். நீங்கள் கிராமத்தில் பிறந்தவர், இயற்கையைப் பற்றி நாலு வார்த்தை சொல்லுங்கள் என்று மைக்கை என் கையில் கொடுப்பார்கள். நானும் பிளாஸ்டிக் பையை ஒழிப்போம், தண்ணீரைச் சேமிப்போம் என்று பேசிவிட்டு இறங்குவேன். பிள்ளைகள் கைதட்டுவார்கள். எனக்கு வாய் கசக்கும். உண்மையைச் சொன்னால் அடுத்த வருடம் மைக் வராது.

கார்வேட்டிநகரத்து மலைப்பக்கமிருந்து இறங்கி வருகிறது எங்கள் ஆறு. மழைக்காலத்தில் சில வாரம் தண்ணீர் ஓடும். மற்ற நாளெல்லாம் மணல்தான் ஓடும் என்று கிண்டல் செய்வோம். ஆனால் அந்த மணலுக்குக் கீழே தண்ணீர் நின்றது. பொங்கல் முடிந்ததும் எங்கள் காலனியில் வீட்டுக்கு ஒரு ஆள் மண்வெட்டியோடு ஆற்றில் இறங்கவேண்டும். மணலில் நீளமாகக் கால்வாய் பறித்தால் அடியிலிருந்து ஊற்று கசிந்து கூடும். அதை ஊர்க்காரர்களின் கழனி வரைக்கும் இழுத்துக்கொண்டு போய் விடுவார்கள். ஊற்றுக்கால் என்று அதற்குப் பெயர். பறித்தது நாங்கள், பாய்ந்தது அவர்களுக்கு. பறித்த ஆளுக்கு மத்தியானம் கூழும், அறுப்பு முடிந்தால் கொஞ்சம் நெல்லும் உண்டு. தண்ணீரில் பங்கு இல்லை. நிலமே இல்லாதவனுக்குத் தண்ணீர் எதற்கு?

பிறகு ஒரு காலத்தில் அரசாங்கம் நிலமில்லாதவர்களுக்குப் பட்டா கொடுத்தது. எங்களுக்கு வந்தது ஆற்றங்கரையை ஒட்டிய ஒரு துண்டு. வேலிக்காத்தான் முள்ளும் பாம்புப் புற்றுமாகக் கிடந்தது. விற்கக்கூடாது, குத்தகைக்கு விடக்கூடாது, உழுது பிழைத்தால் பிழைத்துக்கொள் என்பது நிபந்தனை. ஊரில் சிரித்தார்கள். நைனா முள்ளை வெட்டி, புற்றை இடித்து, ஆற்றோரமாக உறைக்கிணறு இறக்கினார். அதிகம் தோண்டவே இல்லை. இடுப்பளவு பள்ளத்திலேயே மணல் ஈரமானது. உறைகளை ஒன்றன்மேல் ஒன்றாக இறக்கி முடித்தபோது உள்ளே தெளிந்த தண்ணீர் நின்றது. ஆயில் எஞ்சின் ஒன்று பழசாகக் கிடைத்தது.

அதுவரை அடுத்தவர் கழனிக்கே தண்ணீர் கட்டிய மனிதர், தன் வயலுக்கு மடை திறந்த அன்று பார்க்கவேண்டும். பயிருக்குத் தேவையிருக்கிறதோ இல்லையோ, வரப்பில் குந்திக்கொண்டு தண்ணீர் போவதையே பார்த்துக்கொண்டிருப்பார். அம்மா சாப்பாடு எடுத்துக்கொண்டு போய் நின்றால்கூடத் திரும்ப மாட்டார்.

"என்னைக் கட்டிக்கினு வந்த அன்னிக்குக்கூட இப்படிப் பல்லைக் காட்டல இந்த ஆளு. தண்ணியப் பாத்து இளிச்சிக்கினு கீது பாரு" என்று அம்மா எல்லோரிடமும் சொல்வாள்.

எங்கள் சொந்த நெல்லில் வடித்த சோறு கொஞ்சம் பருமனாக இருந்தது. ரேஷன் அரிசி போல நாறவில்லை. நான் அந்தச் சோற்றைத் தின்றுவிட்டுத்தான் புத்தூருக்குப் பள்ளிக்கூடம் போனேன். பெண்பிள்ளையான என்னை மேலே படிக்க வைப்பது என்று நைனா முடிவெடுத்ததும் அந்தக் கிணற்றை நம்பித்தான்.

தொண்ணூறுகளின் பிற்பாதி அது. மெட்ராஸ் வீங்கத் தொடங்கியிருந்தது. திருப்பதியிலும் அலிபிரி பக்கம் லாட்ஜுக்கு மேல் லாட்ஜாக எழும்பியது. எங்கள் பக்கத்துப் பையன்கள் கொத்து வேலைக்கும் கம்பி கட்டவும் பஸ் ஏறிப் போனார்கள். அவர்களுக்கு முன்னால் எங்கள் மணல் போனது. முதலில் மாட்டுவண்டி, பிறகு டிராக்டர், அப்புறம் லாரி.

லாரிக்காரர்களைக் கூட்டி வந்த காண்டிராக்டர் கெட்டிக்காரன். பணம் தருகிறேன் என்று ஊரில் வாயைத் திறக்கவில்லை. கெங்கம்மா கோயிலைக் கல்லில் எடுத்துக் கட்டித் தருகிறேன், ஜாத்திரைக்கு மண்டபம் போட்டுத் தருகிறேன் என்றான். ஊர்க்கூட்டம் கூடியது. எங்கள் காலனி ஆட்கள் வழக்கம்போல ஓரமாக நின்றார்கள். ஒரே ஒரு கிழவர் மட்டும், மணல் போனால் ஊற்று என்னாகும் என்று கேட்டாராம். ஊர்ப் பெரியவர் சிரித்தார்.

"திருப்பதில மொட்ட போட்டுக்கினு வரோமே, முடி மொளைக்காமலா பூட்ச்சி? ஆத்து மணலும் அப்படித்தான்டா. ஒரு வெள்ளம் வந்தா எல்லாம் வந்துரும்."

கூட்டமே சிரித்தது. இந்தப் பேச்சை வேறு ஊரில் யாரும் நம்பியிருக்க மாட்டார்கள். எங்கள் பக்கத்தில் பிறந்த ஒவ்வொருவனும் சின்ன வயதிலிருந்து மலைக்குப் போய் முடி கொடுத்தவன். கொடுத்தால் முளைக்கும் என்பதைத் தலையைத் தடவிப் பார்த்தே தெரிந்துகொண்டவன். சாமிக்கென்று கொடுத்ததைச் சாமி திருப்பிக் கொடுத்துவிடும். நைனாவும் நம்பினார். வீட்டுக்கு வந்து அதையே எங்களிடம் சொல்லிச் சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை.

மணல் அள்ளும் மஞ்சள் எந்திரங்கள் இறங்கிய பிறகு ஆறு மளமளவென்று கீழே போனது. ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்று சொல்லி வைத்தவர்கள், ஆற்றிலிருந்து எடுப்பவனுக்கு ஒரு பழமொழியும் சொல்லி வைக்கவில்லை. எங்கள் கிணற்றுத் தண்ணீரைவிட ஆற்றின் அடி தாழ்ந்துபோனதும் கிணறு ஆற்றுக்குள் வடியத் தொடங்கியது. காலையில் நிறைந்திருப்பது எஞ்சின் போட்டால் சீக்கிரமே சேறாகிவிடும். நைனா மேலே ஓர் உறையை ஏற்றிவிட்டு உள்ளே இறங்கித் தோண்டுவார். உறை கீழே இறங்கும், கொஞ்சம் தண்ணீர் வரும். அடுத்த கோடையில் இன்னொரு உறை. அம்மா மேலே நின்று மண்கூடையை இழுப்பாள். இழுக்கும்போது திட்டிக்கொண்டே இழுப்பாள்.

"முடிய வெட்டினா மொளைக்கும். இவனுங்க தலையையே வெட்டிக்கினு போறானுங்க. எங்க மொளைக்கும்?"

வெள்ளமும் வந்தது, வரவில்லை என்று சொல்ல மாட்டேன். ஓர் ஐப்பசியில் கரை கொள்ளாமல் வந்தது. மேலே இருந்த ஊர்களிலும் மணலை வழித்துவிட்டதால் கொண்டுவர அதனிடம் ஒன்றுமில்லை. வெறும் தண்ணீர் முரட்டுத்தனமாக வந்து எங்கள் நிலத்தின் ஓரத்தைக் கடித்துக்கொண்டு போய்விட்டது. வடிந்த பிறகு பார்த்தால் ஆற்றின் அடியில் களிமண்ணும் பாறையும் தெரிந்தன. அந்தக் கோடையில் கிணற்றுக்குள்ளும் கடப்பாறை பாறையில் மோதியது. அதற்குமேல் உறை இறங்கவில்லை.

நைனா துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு ஊர்ப் பெரியவர் வீட்டுக்குப் போனார். எங்கள் கிணறு தீர்ந்துபோச்சு, கொஞ்ச நாளைக்கு அள்ளுவதை நிறுத்தச் சொல்லுங்கள் என்று கேட்டிருக்கிறார். பெரியவர் கோபப்படவில்லை, நிஜமாகவே வியப்பாகக் கேட்டாராம்.

"உனக்கு எப்படா தண்ணி இருந்திச்சி, இப்பப் போச்சின்னு வந்து நிக்கிற?"

நைனா இதை வீட்டில் வந்து சொன்னபோது குரலில் ஒன்றுமே இல்லை. எனக்குத்தான் உடம்பு எரிந்தது. தலைமுறை தலைமுறையாக ஊற்றுக்கால் பறித்த ஆட்களைப் பார்த்துக் கேட்ட கேள்வி அது. அந்த மனிதர் இப்போது உயிரோடு இல்லை. இருந்தாலும் செத்தாலும் என்னால் மன்னிக்க முடியாது.

இரண்டு போகம் நிலம் தரிசாகக் கிடந்தது. நைனா மறுபடியும் கூலிக்குப் போனார். அந்தச் சமயத்தில் லாரிகள் ஓடி ஓடி ஊர்ப்பாதை குண்டும் குழியுமாகி, ஜாத்திரைக்குத் தேர் வர வழியில்லாமல் போய்விட்டது. லாரிகள் ஆற்றுக்குள் இறங்க வேறு பாதை வேண்டும். கரை தாழ்ந்திருந்த ஒரே இடம் எங்கள் நிலம்.

ஒரு சாயங்காலம் ஊர்ப் பெரியவர் எங்கள் காலனிக்குள் வந்தார். அவர் அங்கே கால் வைத்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. அம்மா பதறிப்போய்ப் பக்கத்து வீட்டில் நாற்காலி வாங்கி வந்தாள். அவர் உட்கார்ந்தார்.

"சும்மாதானப்பா கெடக்குது உன் கழனி. கோயில் காரியம். கொஞ்சம் வழி விடுப்பா" என்றார்.

அப்பா என்று கூப்பிட்டார். கேட்டார். ஆணையிட்டுப் பழகிய வாய் எங்கள் வாசலில் வந்து கேட்டது. நைனா ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. எழுதி வாங்கவில்லை, எத்தனை நாளைக்கு என்று கேட்கவில்லை, பதிலுக்கு ஒரு பைசா கேட்கவில்லை. "எடுத்துக்கோங்க சாமி" என்றார். அவர் போன பிறகு அம்மா போட்ட சத்தம் காலனி முழுக்கக் கேட்டது. நைனா அவளுக்குச் சொன்ன பதில் ஒன்றுதான்.

"வூட்டாண்ட வந்து கேட்டாருடி."

அதைச் சொல்லும்போது கிணற்றில் தண்ணீர் வந்த நாளில் இருந்த முகம் அவருக்குத் திரும்ப வந்திருந்தது. அதைப் பார்த்து எனக்கு அழுவதா அறைவதா என்று தெரியவில்லை. மனிதனை மனிதன் மரியாதையாகக் கூப்பிடுவது இவ்வளவு விலை பெறுமா?

லாரிகள் எங்கள் நிலத்தின் நடுவே போயின. வரப்பெல்லாம் மண்ணோடு மண்ணாகியது. கோயில் கல்லில் எழும்பியது. அதன் கும்பாபிஷேகம் முடிந்த கோடையில் ஊர்க்காரர்களின் கிணறுகளும் வற்றின. போர் போட்டவர்களுக்குப் புழுதிதான் பறந்தது. குடிக்க டேங்கர் வந்தது. அப்போதுதான் ஊருக்கு ஆற்றின் நினைவு வந்தது. ஆற்றை அழித்தது யார் என்று ஒரு ஆளைத் தேடினார்கள். காண்டிராக்டர் கைக்கு எட்டவில்லை. கோயில் கட்டியவனைக் குறை சொல்லவும் நாக்கு வரவில்லை. ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி என்பார்களே, அந்த ஆண்டி எங்கள் வீட்டில் இருந்தார். ஆற்றுக்குள் லாரிக்கு வழி விட்டவன் இவன்தான் என்று தாசில்தார் இருக்கும் மண்டல் ஆபீஸுக்கு மனு போனது.

நான் அப்போது திருப்பதியில் டிகிரி படித்துக்கொண்டிருந்தேன். நைனாவுக்குத் தெலுங்கு பேசத் தெரியும், படிக்கத் தெரியாது என்பதால் என்னை வரச் சொல்லிக் கூட்டிக்கொண்டு போனார். அதிகாரி கெட்டவர் இல்லை. பொறுமையாகத்தான் கேட்டார்.

"ஏமய்யா, பூமி எந்துக்கு பீடு பெட்டினாவு?"

ஏன் தரிசு போட்டாய் என்று. "நீள்ளு லேது சார்" என்றார் நைனா. தண்ணீர் இல்லையென்றால் அரசாங்கத்துக்கு எழுதியிருக்கவேண்டும், உழுவதற்குக் கொடுத்த நிலத்தை லாரிப் பாதையாக்கியது நிபந்தனையை மீறிய குற்றம், நிலத்தைத் திரும்ப எடுத்துக்கொள்கிறோம் என்று அதிகாரி விளக்கினார். ஊர்ப் பெரியவர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வழி கேட்டு வந்தது இவர்தான் சார்" என்று நான் தெலுங்கில் கத்தினேன்.

நைனா என் கையைப் பிடித்து அழுத்தினார். பெரியவரைக் காட்டிக்கொடுக்க அவருக்கு மனம் வரவில்லை. வாசலுக்கு வந்து கேட்ட மனிதரல்லவா! அதிகாரி சொன்ன இடத்தில் நைனா கைநாட்டு வைத்தார்.

வெளியே வந்து டீக்கடையில் உட்கார்ந்தோம். ஏன் வாயைத் திறக்கவில்லை என்று அவரைப் பிடித்து உலுக்காத குறையாகக் கேட்டேன். கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, எனக்குச் சமாதானம் சொல்கிற மாதிரி சொன்னார்.

"எங்கப்பன் சாவற வரிக்கும் ஊரான் கழனிக்குத்தான் தண்ணி கட்டினான். நான் என் கழனிக்குக் கட்டிட்டேன். எனக்குப் போதும்மா."

மலையடிவாரம் வரைக்கும் மணலை வழித்தவனுக்குப் போதவில்லை. லாட்ஜ் கட்டியவனுக்குப் போதவில்லை. மெட்ராஸுக்கு இன்றுவரை போதவில்லை. ஆற்றங்கரையில் போதும் என்று சொல்லத் தெரிந்தவர் ஒரே ஒருவர்தான் இருந்தார், அவரிடமிருந்துதான் பிடுங்கினார்கள். போதாது என்று அவர் வாயால் ஒரு தடவை கேட்டுவிட வேண்டும் என்று அவர் சாகும்வரை காத்திருந்தேன். அவர் சொல்லவே இல்லை. எல்லோர் மேலும் இருக்கும் கோபத்தைவிட எனக்கு அவர் மேல்தான் கோபம் அதிகம்.