ஸகியா செய்து காட்டிய சிரிப்பு

காத்தான்குடியில் ஸகியாவிடம் தைக்கக் கொடுத்தால் சொன்ன நாளில் உடுப்புக் கிடைக்காது. எல்லோருக்கும் தெரிந்த விசயம் அது. தெரிந்தும் பெண்கள் அவளிடமே போனார்கள். அளவெடுக்கும்போதே அவள் யாரையாவது செய்து காட்டுவாள். வயிறு நோகச் சிரித்துவிட்டு வரலாம்.

அவள் யாரையும் திட்டுவதில்லை. பார்த்ததைச் செய்து காட்டுவாள், அவ்வளவுதான். கல்யாண வீட்டில் “வேணாங்கா, இப்பதான் திண்டுட்டு வாறன்” என்று சொல்லிக்கொண்டே காலால் கதிரையை மெல்ல இழுத்துப் போட்டுக்கொள்ளும் பஹ்மியின் உம்மா. “சாரி நல்ல வடிவு” என்று புகழ்ந்தபடியே முந்தானையை இரண்டு விரலால் கசக்கித் துணியின் தரம் பார்க்கும் ஸுஹைனா. “சரி, வாறன்” என்று எழும்பி, செருப்பை மாட்டிய பிறகுதான் வந்த விசயத்தையே தொடங்குகிறவர்கள். மெசினை விட்டு ஸகியா எழும்பி இரண்டு எட்டு வைத்தாலே போதும், ஆள் யாரென்று தெரிந்துவிடும்.

அவளைப் பார்த்துச் சிரிப்பவர்களில் முதல் ஆள் ஹிதாயா. இரண்டு ஒழுங்கை தள்ளி, ஆற்றங்கரைப் பக்கம் வீடு. ஹிதாயாவுக்குச் சிரிப்பு உடனே வராது. பழைய தண்ணி மோட்டார் போல இரண்டு மூன்று தரம் இழுத்து இழுத்து நிற்கும். பிறகு பிடித்துக்கொள்ளும். தலை பின்னால் சாயும், வாய் முழுதாகத் திறக்கும், பக்கத்தில் இருப்பவரின் தொடையில் பளீரென்று ஓர் அடி விழும். “அல்லாஹ், ஏலாதுகா, நிப்பாட்டு!” என்பாள். அந்தச் சிரிப்பைக் கேட்டால்தான் ஸகியாவுக்கு மனம் நிறையும். பாதி ஆட்களை அவள் செய்து காட்டியதே ஹிதாயாவுக்காகத்தான்.

போன வருசம் ஹிதாயாவின் தம்பி மகள் ஸாதியாவுக்குக் கல்யாணம். மருதோண்டி போடும் நாளில் வீடு நிறையப் பெண்கள். ஸகியாவை நடுவில் விட்டார்கள். அவள் கதிரை இழுத்தாள், சாரி கசக்கினாள், செருப்பு மாட்டினாள். கூட்டம் உருண்டது. அப்போது பெண்பிள்ளைகளில் ஒருத்தி கத்தினாள்.

“ஹிதாயா மாமியச் செய்ங்க!”

ஸகியா ஒரு கணம் யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை. மோட்டாரை இழுத்தாள். தலையைச் சாய்த்தாள், வாயைத் திறந்தாள், பக்கத்தில் இருந்தவளின் தொடையில் அடித்தாள். அச்சு அசல். அன்று போல ஒரு கைதட்டு அதற்கு முன் அவளுக்குக் கிடைத்ததேயில்லை.

ஹிதாயாவும் சிரிக்கத்தான் தொடங்கினாள். முதல் இழுப்பு வந்தது. உடனே கூட்டம் இன்னும் பெரிதாகச் சிரித்தது. எல்லோரும் இப்போது ஸகியாவைப் பார்க்கவில்லை, ஹிதாயாவைப் பார்த்தார்கள். அவள் சுற்றிவரப் பார்த்தாள். பாதியில் வாயை மூடிக்கொண்டு, மருதோண்டி காயாத கையை மடியில் வைத்தபடி இருந்தாள். ஸகியா அதைக் கண்டாள். கண்டும், கேட்டவர்களுக்காக மறுகா ஒருதரம் செய்து காட்டினாள்.

அடுத்த கிழமை ஹிதாயா அபாயாத் துணியோடு வந்தாள். ஸகியா புதிதாகப் பிடித்த ஆளைச் செய்து காட்டினாள். ஹிதாயா முக்காட்டின் நுனியை வாயில் பொத்திக்கொண்டு சத்தமில்லாமல் தோளை மட்டும் குலுக்கினாள்.

“என்ன ராத்தா, பல்லு வருத்தமா?”

“இல்லகா.”

அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு தரமும் அப்படித்தான். ஸகியா ஒரு நாள் வட்டிலப்பம் செய்து எடுத்துக்கொண்டு போய் ஹிதாயாவின் குசினியில் நின்றாள்.

“ராத்தா, அண்டைக்கு நான் செஞ்சது பிழை. மனசில வச்சிராதீங்க.”

“உனக்கென்ன விசரா? நீ உள்ளதத்தானே செஞ்சாய்?” ஹிதாயா பீங்கான் கழுவிக்கொண்டே சொன்னாள். “நான் அப்பிடியா சிரிக்கிறன் எண்டு இவருட்டக் கேட்டன். ஓம் எண்டாரு. இவ்வளவு காலமும் ஏன் செல்லல்ல எண்டு கேட்டா, அதுக்கென்ன எண்டுட்டுச் சோறு திண்டுறாரு. நீயாவது காட்டித்தந்தியே. எத்தின சபையில வாயத் திறந்துட்டு இரிந்தனோ!”

அவள் கோபத்தோடு சொல்லியிருந்தால் ஸகியா அழுதாவது தீர்த்திருப்பாள். ஹிதாயா நன்றியாகச் சொன்னாள். ஸகியாவுக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. வட்டிலப்பத்தைத் திறந்துகூடக் காட்டாமல் மேசையில் வைத்துவிட்டு வந்துவிட்டாள்.

அன்றிலிருந்து ஆட்களைச் செய்து காட்டுவதை விட்டாள். கேட்டவர்களிடம் தொண்டை சரியில்லை என்றாள். கடையில் கூட்டம் குறைந்தது. உடுப்பெல்லாம் சொன்ன நாளுக்கு முதலே முடிந்து தொங்கின. ஆனால் பார்க்கும் கண்ணை என்ன செய்வது? அது பார்த்துக்கொண்டேயிருந்தது. ஒரு விருந்து வீட்டில் பஹ்மியின் உம்மாவை “சாப்பிடுங்க” என்றார்கள். அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை. முதல் கேள்விக்கே “ஓம்” என்றுவிட்டு, தோற்றுப்போனவள் போல வந்து இருந்தாள். ஸுஹைனா புதுச் சாரி ஒன்றைப் புகழ்ந்தபோது இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். எல்லோரும் தங்களைத் தாங்களே காவல் காத்துக்கொண்டிருந்தார்கள். இந்த ஊரைக் கெடுத்தது நான்தான் என்று நினைத்தபோது ஸகியாவுக்குக் காது சுட்டது. அந்தச் சோறு முடியுமட்டும் அவள் தட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

நோன்புப் பெருநாளுக்கு முன், தைத்து முடித்த உடுப்பைக் கொடுக்க ஹிதாயா வீட்டுக்குத் தானே போனாள். கேற்றடியில் நின்றபோது மதிலுக்கு அந்தப் பக்கம் ஏதோ இழுபட்டது. இன்னொரு தரம் இழுத்தது. பிறகு பிடித்துக்கொண்டது. பேரப்பிள்ளை என்ன குறும்பு செய்ததோ, ஹிதாயா வாய் நிறையச் சிரித்தாள். அவள் புருசன் றவூப் காக்கா “ஆ! ஆ!” என்று கத்திய சத்தமும் கேட்டது, அவருடைய தொடையாகத்தான் இருக்கவேண்டும்.

ஸகியாவின் கை கேற்றைத் தட்டப் போய் நின்றது. தட்டினால் அந்தச் சிரிப்பு முக்காட்டுக்குள் போய்விடும். பையைக் கேற்றில் கொழுவிவிட்டு, செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, மெல்லக் கிறுகி வந்த வழியே நடந்தாள்.

ஒழுங்கை முனையில் ஸுஹைனா எதிர்ப்பட்டாள். “என்னகா, செருப்பு அறுந்துட்டா?”

“ஓம்” என்றாள் ஸகியா.