ட்ரெகென்னாவின் தாய்க்கு ஒரு கடிதம்

1812 ஜனவரியில் எங்கள் ஆங்கிலேயப் படைப்பிரிவு போர்ச்சுகல் எல்லைக் கிராமமொன்றில் குளிருக்கு ஒதுங்கியிருந்தது. பிரெஞ்சுக்காரர்கள் ஆற்றுக்கு அந்தப் பக்கம். ஹேதர்சேஜ் என்ற பத்தொன்பது வயது அதிகாரிக்கு நான் பணியாள் சிப்பாய். பூட்ஸ் துடைப்பேன், தேநீர் போடுவேன்.

அவர் தாய் தகப்பன் இல்லாதவர். இங்கிலாந்தில், டெர்பிஷரில் பாதிரியாராக இருந்த பெரியப்பாதான் வளர்த்தது. ஞாயிறுதோறும் அவருக்குக் கடிதம் எழுதுவார். பதினொரு கடிதம் போயிற்று. பதிலாக ஒரு வரிகூட வரவில்லை. அதே அறையில் தங்கியிருந்த இன்னொரு இளம் அதிகாரி ட்ரெகென்னாவுக்கோ, ஒவ்வொரு கப்பலிலும் அம்மாவின் கடிதங்கள் கட்டாக வரும்.

"உங்க பெரியப்பாவுக்கு மசி தீர்ந்துபோச்சாடா? எங்கம்மாகிட்ட சொல்லி ஒரு புட்டி அனுப்பச் சொல்லட்டுமா?" என்று ட்ரெகென்னா சீண்டுவார்.

இவர் சிரிப்பார். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார்.

அந்த மாதமே ட்ரெகென்னா காய்ச்சலில் செத்துப்போனார். புதைத்த மூன்றாம் நாள் தபால் வந்தது. செத்தவருக்கு இரண்டு கடிதம். இவருக்கு ஒன்றுமில்லை.

"அடுப்புல போட்டுரட்டுமா சார்?" என்று கேட்டேன்.

"கைய வெச்சே, தொலைச்சிருவேன் கெட்ஜ். அது அந்த அம்மாவோடது."

முத்திரை உடைக்காமல் அவற்றைத் திருப்பி அனுப்ப எடுத்து வைத்தார். கூடவே தாமும் ஒரு கடிதம் எழுத உட்கார்ந்தார். நான்கு நாள் ஆகியும் அது முடியவில்லை.

"வீரமா செத்தார்னு எழுதிருங்க சார். எல்லாரும் அப்படித்தான எழுதுறாங்க?"

"பெத்தவங்களுக்குத் தெரிஞ்சிரும்டா."

கடைசியில் நடந்ததை நடந்தபடி எழுதினார்: நடுங்கினான், கதவைத் திறந்து வைக்கச் சொன்னான், உங்களைக் கூப்பிட்டான், நான் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

மே மாதம் அவர் பெயருக்கே ஒரு கடிதம் வந்தது. பெரியப்பா என்று நினைத்து அவசரமாகப் பிரித்தார். கார்ன்வாலிலிருந்து ட்ரெகென்னாவின் அம்மா. 'இனி அங்கிருந்து எனக்கு எழுத யாருமில்லை. நீங்கள் என்ன சாப்பிட்டீர்கள் என்றாவது எழுதுங்கள்.'

ஒன்பது பக்கம் எழுதினார். கல்லைப் போன்ற பிஸ்கட்டையும், என் தேநீரின் லட்சணத்தையும்கூட விடவில்லை.

ஜூலைச் சண்டையில் அவருடைய வலக்கை போயிற்று. கண் விழித்ததும், "இந்த வாரக் கடிதம்?" என்றார். அவர் சொல்லச் சொல்ல நான் கோணல்மாணலாக எழுதினேன்.

ஊர் திரும்பிய கப்பல் கார்ன்வாலில், ஃபால்மவுத் துறைமுகத்தில் நின்றது. டெர்பிஷருக்கு வண்டி பிடிக்காமல், மழையில் ஆறு மைல் நடந்து அந்த அம்மாளின் வீட்டுக்குப் போனோம். கதவைத் திறந்தவள், எங்களுக்குப் பின்னால் இன்னும் யாராவது வருகிறார்களா என்று ஒரு கணம் பார்த்தாள். பிறகுதான் இவருடைய வெறும் சட்டைக்கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனாள். மேசையில் எதிரெதிரே உட்கார்ந்தார்கள்.

மறுநாள் நான் மட்டும் கிளம்பினேன்.