பொட்டு வைத்த இடம்

இரும்பு வெளியே துருப்பிடித்தால் யார் கண்ணுக்கும் தெரியும். குழாய்க்குள் மழைத்தண்ணீர் தேங்கி உள்ளிருந்தே அரித்தால், மேலே பெயின்ட் புதுமாப்பிள்ளை மாதிரி பளபளக்கும். அதைக் கண்டுபிடிப்பதுதான் என் பிழைப்பு. பசை தடவி ஒரு சின்னக் கருவியைக் குழாய்மேல் வைத்தால், இரும்பு எத்தனை மில்லிமீட்டர் கனம் மிச்சமிருக்கிறதென்று காட்டிவிடும். ஓசூர் கம்பெனிகளில் பாய்லர், டேங்க் என்று அதோடுதான் அலைகிறேன்.

கிருஷ்ணகிரிப் பக்கம் ஒரு பொருட்காட்சியில் ராட்டினம் போட்டிருந்த நண்பன் என்னைக் கூப்பிட்டான். மூக்கண்டப்பள்ளியில் ஒரே அறையில் தங்கி, ஒரே லேத்தில் ஷிப்ட் மாறி மாறி நின்றவர்கள் நாங்கள். பிறகு அவன் ராட்டினத் தொழிலுக்குப் போய்விட்டான்.

"நீ பாத்து சரின்னு சொன்னாத்தான்டா சுத்த வுடுவேன்" என்றான். எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

காலையில் போய்ப் பார்த்தேன். தாங்குகால்கள், ஆரங்கள், வெல்டு வைத்த இடங்கள், எல்லாம் சரியாகத்தான் இருந்தன. ஒரு காலின் அடியில் மட்டும் கருவியை வைக்கவில்லை. அங்கே பூஜை போட்டு, உள்ளங்கை அகலத்துக்கு மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, மாலை சுற்றியிருந்தான். ஆயுத பூஜைக்கு மெஷினில் வைத்த பொட்டை நாங்கள் யாரும் துடைப்பதில்லை. அது தானாக அழிய வேண்டும். எண்ணெய்த் துணியைக்கூடப் பொட்டைச் சுற்றி வளைத்துத்தான் ஓட்டுவோம். அந்த லேத்தை அவனும் நானும் அப்படித்தான் துடைத்தோம். மஞ்சளைத் தொட மனம் வரவில்லை. மேலும் கீழும் அளந்துவிட்டு எழுந்துவிட்டேன். பொருட்காட்சி நடத்துபவர்களிடம் காட்டவென்று அவன் நீட்டிய தாளில், எல்லாம் சரியென்று கையெழுத்தும் போட்டேன்.

சாயங்காலம் மனைவியையும் மகளையும் கூட்டிப் போனேன். டிக்கெட்டெல்லாம் வேண்டாமென்று அவனே அவர்களை உட்கார வைத்தான். ராட்டினம் சுற்றத் தொடங்கியதும் அவன் மகள் ஓடிவந்து, தானும் ஏற வேண்டுமென்றாள்.

"உனக்கு வேணாம். அந்த ரயில்ல போ."

அவள் அடம்பிடித்தாள். முதுகில் ஒன்று வைத்தான்.

"ஏன்டா, எம் புள்ள ஏறலயா? அடுத்த ரவுண்டுல ஏத்தி வுடேன்" என்றேன். அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. அவன் பார்வை அந்தக் காலடிக்குப் போய்வந்தது.

காலையில் நான் அளக்காமல் விட்ட இடம் அது. மோட்டார் ஓட்டியவரிடம் ஓடி நிறுத்தச் சொன்னேன். நிறுத்தினாலும் ஒவ்வொரு பெட்டியாகக் கீழே கொண்டுவந்துதான் ஆட்களை இறக்க முடியும். மகள் உச்சியிலிருந்து கையாட்டினாள். நானும் சிரித்துக்கொண்டே ஆட்டினேன். வேறென்ன செய்ய? இருவரும் தரையில் கால் வைக்கும்வரை நான் வேண்டாத சாமி இல்லை.

கடைசி ஆளும் இறங்கியபின் மாலையைப் பிய்த்தெறிந்து, வண்டிச் சாவியால் மஞ்சளைச் சுரண்டினேன். கார் ஒடுக்குக்குப் பூசுவார்களே, அந்தப் பட்டி கட்டியாகப் பெயர்ந்து விழுந்தது. அதற்கடியில் இரும்பு அப்பளமாக இருந்தது. சாவி உள்ளே போய்விட்டது.

கூடவே இருந்து குழி பறிப்பதைக் கேள்விப்பட்டிருக்கிறேன். இந்தப் பாவி குழியை மூடிப் பொட்டும் வைத்திருக்கிறான். என் சாமி பயம் அவனைவிட யாருக்குத் தெரியும்? அவன் சட்டையைப் பிடித்தேன். கோபத்தைவிட அழுகைதான் முட்டிக்கொண்டு வந்தது.

"சீசன் முடிஞ்சதும் மாத்திரலாம்னுதான்டா இருந்தேன். உங்கிட்ட சொல்லியிருந்தா நீ ஓட்ட வுட்டிருப்பியா?"

விட்டிருக்க மாட்டேன். அதற்காகத்தான் என்னைக் கூப்பிட்டான் என்று நினைத்திருந்தேன்.