என் எடைக்குச் சீனி

என்னைப் பார்க்கிறவர்கள் இப்போதெல்லாம் நலம் விசாரிப்பதில்லை. "என்னாச்சு, ஒடம்புக்கு முடியலையா?" என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். எங்கள் தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் ஒருத்தி குண்டாக இருந்தால் புருஷன் நன்றாக வைத்திருக்கிறான் என்று அர்த்தம். இளைத்தால் நோய், இல்லாவிட்டால் வீட்டில் சண்டை. வேறு காரணம் இருக்கலாம் என்று ஒருவருக்கும் தோன்றாது.

நான் பாடுபட்டு இளைத்தவள். என் அம்மா இனிப்பு நீர் வியாதியில் முதலில் காலை இழந்தாள், பிறகு உயிரையும் விட்டாள். எனக்கும் அது எல்லையில் நிற்கிறது என்று கிளினிக் டாக்டர் சொன்ன அன்று சோற்றைக் குறைத்தேன். இளைப்பதுகூடப் பெரிய காரியமில்லை. இளைத்த உடம்பைக் காப்பாற்றுவதுதான் பெரும்பாடு. ஏனென்றால் எனக்குக் கோபம் வந்தால் வாய் சும்மா இருக்காது. ஃபேக்டரியில் சூப்பர்வைசர் கத்தினால் ரொட்டி சானாய், வீட்டுக்காரர் முறைத்தால் முறுக்கு. கோபம் வந்தால் வெளியே போய் நட என்று டாக்டர் சுலபமாகச் சொல்லிவிட்டார். இந்த மலையில் பாதி நாள் மழை. அவர் வந்து நடக்கட்டும்.

போன திருவிழாவுக்கு முன் ஒரு மாலை, மாமியார் முன்னறையில் உட்கார்ந்து பக்கத்து வீட்டு அக்காவிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். "மருமக பழையபடி தேறிட்டா, அவ எடைக்கு எடை சீனி தர்றேன்னு மாரியம்மாகிட்ட வேண்டிக்கிட்டேன் லா."

நான் வீட்டுக்காரரைப் பார்த்தேன். "அம்மா ஆசையா செய்யிறாங்க, விடு லா," என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் குண்டாக வேண்டும் என்று ஆத்தாளிடமே மனு, அதற்குக் காணிக்கை சீனி! நேராக அடுப்படிக்குப் போய் பிஸ்கட் டின்னைத் திறந்தேன். நின்றபடியே தின்றேன். ருசிகூடத் தெரியவில்லை. பாதி டின் காலியான பிறகுதான் உறைத்தது, வேண்டுதல் பலித்துக்கொண்டிருக்கிறது என்று.

மூடியை அறைந்து சாத்திவிட்டு முன்னறைக்கு வந்தேன். "நான் என்ன கோயிலுக்கு நேர்ந்துவிட்ட கெடாவா அத்தை, கொழுக்க வைக்கிறதுக்கு? எங்கம்மா கால எடுத்தத பாத்தீங்கதானே? எனக்கும் எடுக்கணுமா?"

அவர் திருப்பிக் கத்துவார் என்று நினைத்தேன். அதற்கென்று இன்னும் நாலு வார்த்தை தயாராக வைத்திருந்தேன். அவரோ என்னை நிமிர்ந்துகூடப் பார்க்காமல் பேசினார். "ஒங்கம்மா சாகறதுக்கு முன்ன இப்படித்தான் எளச்சுக்கிட்டே வந்தாங்க. நீயும் எங்கிட்ட ஒண்ணும் சொல்லல. நான் என்னன்னு நெனைக்கிறது?"

அந்த நாலு வார்த்தையும் உதவாமல் போனது. கோபம் மட்டும் போகவில்லை. அவ்வளவு பயம் இருந்தால் என்னைக் கேட்டிருக்கலாமே! லயத்தைக் கேட்டார், சாமியைக் கேட்டார், ஒரே வீட்டில் இருக்கிற என்னைக் கேட்கவில்லை.

"தேறின ஒடம்பு இதுதான் அத்தை. நான் நல்லாத்தான் இருக்கேன். வேண்டுதல இந்த எடைக்கே முடிச்சிருங்க," என்றேன்.

திருவிழாவன்று கொழுந்து நிறுக்கும் தராசைக் கோயில் வாசலில் கொண்டுவந்து வைத்தார்கள். லயமே வேடிக்கை பார்க்க, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு ஏறி நின்றேன். எனக்கு ஈடாக நிறுத்த சீனியில் கொஞ்சம் அன்றைய சர்க்கரைப் பொங்கலுக்குப் போனது. மாமியார்தான் பந்தியில் பரிமாறினார். என் இலைக்கு வந்ததும் கரண்டி நின்றது. என்னைப் பார்த்தார். பிறகு ஒன்றும் வைக்காமல் அடுத்த இலைக்குப் போய்விட்டார். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவர் எனக்குச் சாப்பாடு வைக்காமல் போனது அதுதான் முதல் தடவை.

எனக்கு அப்போது ஒரு வாய் பொங்கல் வேண்டும் போலிருந்தது. கேட்கவில்லை.