தோட்டத்தில் விழுந்ததன் ஒரு துண்டு

1. சுங்கை பாக்காப் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில், பட்டப்பகலில், உருண்டையாகப் பளபளத்த ஏதோ ஒன்று வானத்திலிருந்து மரங்களுக்குள் விழுந்தது. டிராக்டர் ஓட்டிக்கொண்டிருந்த என் மாமா பார்த்தார்.

2. ஓடிப்போய், கைவிரல் அளவுத் துண்டு ஒன்றை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

3. ராணுவ லாரிகள் வந்தன. மிச்சத்தைத் தார்ப்பாய் போட்டு மூடி எடுத்துப் போனார்கள்.

4. தோட்ட அலுவலகம் ஒரு காகிதம் நீட்டியது: 'நான் எதையும் பார்க்கவில்லை.' திங்கட்கிழமைக்குள் கையெழுத்துப் போடாவிட்டால் டிராக்டர் வேறு ஆளுக்கு.

5. வெள்ளிக்கிழமை மாலை, துண்டோடு மாமா டத்தோ கிராமாட்டில் எங்கள் வீட்டுக்கு வந்தார்.

"தோட்டத்துல என்னை 'பறக்கும் தட்டு'ன்னு கூப்பிடுறானுங்க. நான் பார்த்தது பொய்யா மெய்யான்னு நீ பார்த்துச் சொல்லு. அப்புறம் கையெழுத்தைப் பத்தி யோசிக்கிறேன்."

பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில், பழுதாகித் திரும்பும் கணினிச் சில்லுகளை எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் ஆராய்வது என் வேலை. ஒரு பொருளில் என்னென்ன தனிமங்கள் இருக்கின்றன என்பதையும் அது திரையில் கோடுகளாகக் காட்டும். சனிக்கிழமை வேலை முடிந்ததும் துண்டை உள்ளே வைத்தேன்.

அலுமினியம். அதோடு கால்சியம், பொட்டாசியம், பாஸ்பரஸ். என்னிடமிருந்த உலோகப் பட்டியலை இரண்டு முறை புரட்டினேன். இப்படி ஒரு கலவையே அதில் இல்லை. நாற்காலியில் உட்கார முடியவில்லை. பூமியில் யாரும் செய்யாத உலோகம் என் கைக்குக் கீழே இருப்பதாகவே நினைத்தேன். வீட்டுக்குப் போன் செய்தேன்.

"மாமா, இதை எங்க வச்சிருந்தீங்க?"

"சாமி மேடையிலதான். திருநீறு டப்பாக்குள்ள."

"திருநீறுக்குள்ளயா?"

"வேற எங்க ஒளிக்கிறது? அங்கதான் எவனும் கை வைக்க மாட்டான்லா."

துண்டைத் துடைக்காமல் உள்ளே வைத்தது என் தவறு. புதிதாக வேலைக்கு வருபவர்களுக்கு நானே சொல்லித்தரும் முதல் பாடம் அது. அசிட்டோனில் கழுவி மறுபடி வைத்தேன். கால்சியம், பொட்டாசியம், பாஸ்பரஸ் எல்லாம் திருநீற்றுச் சாம்பலோடு போய்விட்டன. அலுமினியம், கொஞ்சம் செம்பு, துளி மக்னீசியம்: விமானம் கட்டப் பயன்படும் உலோகம்.

ஆனால் விமானம் விழுந்ததாக எந்தப் பத்திரிகையிலும் செய்தி இல்லை. அப்படியானால் லாரியில் போனது என்ன? மறுபடி வீட்டுக்குப் போன் செய்தேன்.

"மாமா, இது மனுஷன் செஞ்ச உலோகம். விமானத்துக்குப் போடுறது. வேற கிரகம்னு என்னால சொல்ல முடியாது."

"அப்போ ஏதோ விழுந்தது நிஜம்தானே?"

"இது ரப்பர் மரத்துல காய்க்காது மாமா."

போனில் அவர் சிரிப்பது கேட்டது. "அது போதும். போட மாட்டேன்."

திங்கட்கிழமை மாமா கையெழுத்துப் போடவில்லை. டிராக்டரை வேறு ஒருவருக்குக் கொடுத்தார்கள். மாமா இப்போது ரப்பர் பால் நிறுக்கிறார். துண்டு என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. என்ன விழுந்தது என்று இன்றுவரை யாரும் சொல்லவில்லை.